இரண்டாம் சூடு

பாண் இறங்கிய பிறகும்
போறணைக்குள் இரண்டு மணித்தியாலம் சூடு நிற்கும்.
முந்தியெல்லாம் அதில் றஸ்க் காயும்.
இந்த வருஷம் கியர்ப்பெட்டி வைத்தேன்.

சிரிக்காதீர்கள்.
அறுபத்திரண்டாம் ஆண்டு லாண்ட்றோவர்.
அம்பாறையில், நீர்ப்பாசனக் கந்தோர் ஏலத்தில்,
பழுதான தண்ணிப் பம்பு இரண்டோடு சேர்த்து
என் தலையில் விழுந்தது.
பம்பு விற்ற காசில் டயர் வாங்கினேன், இரண்டு.
மற்ற இரண்டும் இன்னும் கடன்.

எட்டு மாதம்.
இரவில் மாப் பிசைந்த கை
பகலில் கிறீஸ் பிசைந்தது.
சாவி என்று என்னிடம் இருந்தது மூன்று,
எல்லாம் மில்லிமீற்றர்.
வண்டியோ அங்குலத்தில் பிறந்தது.
பன்னிரண்டு ஏறாது, பதின்மூன்று வழுக்கும்.
பன்னிரண்டை அரத்தால் ராவி ராவி
அந்த ஒரு நட்டுக்கென்றே ஆக்கினேன்.
இனி அது வேறொன்றுக்கும் உதவாது.

பிஸ்டன் நாலும் இறுகிக் கிடந்தன.
பிளக் ஓட்டைகளுக்குள்
மண்ணெண்ணெயும் டீசலும் சமன்பங்கு ஊற்றி
விடிய விடிய முன்கைப்பிடியை
ஒருக்கால் தள்ளிப் பார்ப்பேன்,
மாப் பொங்கியதா என்று
துணி தூக்கிப் பார்ப்பதுபோல.
பதினேழாம் நாள் அரை விரல்கடை அசைந்தது.
அன்றைய பாணுக்கு உப்புப் போட மறந்துபோனேன்.

பொயின்ற் இடைவெளி பார்க்க அளவுத்தகடு இல்லை.
ஹபீலா அலுமாரிக்குள் கிண்டி
கல்யாணக் காட் ஒன்று கொண்டுவந்தாள்.
அவளுடைய சாச்சி மகனின் கல்யாணம்.
சேஸிக்குக் கீழே படுத்துக் கிடந்து
நான் போகாமல் விட்டது.
"இதுக்காவது உதவட்டும்" என்றாள்.
மாப்பிள்ளை பெயர் இருந்த மூலை
கணக்காகப் பொருந்தியது.
மனிபோல்டுக்குப் பின்னால் விழுந்த நட்டையும்
அவள் கைதான் எடுத்தது,
காப்புக் கழற்றாமல்.

கியர்ப்பெட்டியில் ஒரு பேரிங்.
அலுமினியக் கூட்டுக்குள் குடியேறி
சுத்தியலுக்கும் உளிக்கும் சொல்லுக் கேளாது.
"அம்பாறைக்குக் கொண்டு போங்க,
பிறஸ்ஸில போட்டுத் தள்ளுவானுகள்"
என்றார் கராஜ் இளையதம்பி.
கூலியையும் சொன்னார்.
நான் போறணை வாயை அளந்து பார்த்தேன்.

மண்ணெண்ணெயில் நாலு தரம்,
சவர்க்காரத்தில் இரண்டு தரம் கழுவி
நீட்டுப் பலகையில் ஏற்றி உள்ளே தள்ளினேன்.
முக்கால் மணித்தியாலம்.
சாக்கால் பிடித்திழுத்துக் கவிழ்த்தால்
டொக்.
தட்டவே இல்லை.
வெந்த பாண் அச்சைவிட்டுக் கழருமே, அப்படி.
சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கூட விரியுமாம்,
பிறகு இளையதம்பி விளங்கப்படுத்தினார்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
வேகாததுதான் ஒட்டும்.

ஆனால் மூன்று நாள்
அக்கரைப்பற்றில் என் பாண் கியர் ஒயில் மணத்தது.
மீராசாகிபு ஹாஜியார் வீட்டிலிருந்து
ஒரு றாத்தல் திரும்பி வந்தது,
கடித்த அடையாளத்தோடு.
காசைக் கொடுத்துவிட்டு
அதை நானே தின்று பார்த்தேன்.
பிழை சொல்ல முடியாது. மணத்தது.

நேற்று, மாரி கொஞ்சம் விட்ட நேரம்,
திறீவீல் போகாத பாதையால்
சாகாமம் பக்கத்து வாடிகளுக்கு
அறுபது றாத்தல் ஏற்றிக்கொண்டு போனேன்.
மற்றப் பாண் வண்டிகள் பாட்டுப் போட்டு வரும்.
என்னுடையதுக்கு அது வேண்டாம்,
சைலன்சர் இன்னும் பூட்டவில்லை.
ஒரு கட்டைக்கு முன்னாலேயே நாய்கள் சொல்லிவிடும்.

வாய்க்கால் உடைத்த இடத்தில்
முழங்கால் சேறு.
நாலு சில்லும் ஒன்றாகப் பிடித்தன,
முனகி, சறுக்கி, ஏறியது.
ஏறி, மேட்டில் நின்றேவிட்டது.
பெற்றோல் முடிந்திருந்தது.
அளவுமுள் வேலை செய்யாது என்பது
எட்டு மாதமாய்த் தெரிந்த விஷயம்தான்.

களைபிடுங்கி நின்றவர்கள்
வரம்பால் நடந்து வந்தார்கள்.
கால் கழுவாமலே பாண் வாங்கி
பொனற்றில் வைத்துப் பிய்த்தார்கள்,
ஆரோ சம்பலும் கொண்டுவந்திருந்தார்கள்.
பொனற் நல்ல சூடு.
ஒரு பொடியன் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"காக்கா, இதுக்குள்ளயா சுட்டீங்க?"